எஞ்சின் ஓடுது, கரண்ட் வரலை: ஜெனரேட்டர் டயோடைப் பாதுகாப்பாக மாற்றுவது



சாமை, தினை உமி நீக்கும் இயந்திரம், மரச்செக்கு, மாவு அரைவை என்று விளைச்சலை மதிப்புக்கூட்டி விற்கும் வேலையில் இறங்கிய குழுக்கள் பலவற்றில் இன்றைக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. பெரும்பாலும் புதுசு இல்லை. ஏதோ ஒரு கல்யாண மண்டபத்திலோ செல்போன் டவரிலோ ஓடிக் களைத்து நம்மிடம் கைமாறி வந்தது. மூன்று ஃபேஸ், 10 முதல் 25 கே.வி.ஏ. வரை. ஒரு நாள் சாவியைத் திருப்பினால் எஞ்சின் வழக்கம்போல ஓடும். புகை சரியாக இருக்கும், சத்தம் சரியாக இருக்கும். மீட்டரில் மட்டும் வோல்ட் ஏறாது.

எங்கள் தர்மபுரிப் பக்கம் ஒரு குழுவுக்கு இப்படித்தான் ஆச்சு. வந்து பார்த்த மெக்கானிக் "ஆல்டர்னேட்டரே போச்சுங்க, காயில் புதுசா கட்டணும்" என்று சொல்லி, ஒரு போகத்துச் சாமை வருமானத்தைக் கேட்டார். திறந்து அளந்தால், கட்டைவிரல் பருமன்கூட இல்லாத டயோடு ஒன்று ஷார்ட். ஒரு டயோடு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். காயிலில் ஒரு சுற்றுக்கூடக் கெடவில்லை.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, ஆலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவன். குழுக்களில் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கற்றுக்கொடுப்பதில் சிரமம் இல்லை; ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் வரும் வேலை. ஆனா அந்த அரை மணி நேரமும் கை இருக்கிற இடம், எஞ்சின் ஒரே ஒரு சுற்று சுற்றினாலும் விரல் போய்விடுகிற இடம். அதனால் இந்தப் பாடத்தில் டயோடைக் கழற்றும் பகுதி சின்னது. கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் பெரியது.

ஃபுட் வால்வு மாதிரிதான்

கிணற்று மோட்டாருக்கு அடியில் ஃபுட் வால்வு போடுகிறோம். தண்ணி மேலே ஏறலாம், திரும்பி இறங்கக் கூடாது. மின்சாரத்துக்கு டயோடு செய்வதும் அதே வேலை. ஒரு திசையில் விடும், மறு திசையில் தடுக்கும். கெடுவதும் அதே மாதிரி இரண்டு விதம். வால்வு மூடாமல் திறந்தே நின்றால் ஏறிய தண்ணி எல்லாம் இறங்கிவிடும். டயோடில் அதற்கு ஷார்ட் என்று பேர். வால்வு இறுகித் திறக்காவிட்டால் தண்ணியே ஏறாது, அது ஓப்பன்.

இப்போது வரும் ஆல்டர்னேட்டர்கள் (நம்ம ஊர்ப் பேச்சில் டைனமோ) பிரஷ் இல்லாதவை. அதற்குள் உண்மையில் இரண்டு ஜெனரேட்டர்கள் ஒரே தண்டில் இருக்கின்றன. பின்பக்கம் இருக்கும் சின்னதுக்கு எக்சைட்டர் என்று பேர். ஏவிஆர் என்கிற மின்னணு அட்டை, எக்சைட்டரின் சுற்றாத காயிலுக்குக் கொஞ்சம் டி.சி. கொடுக்கும். அதனால் தண்டோடு சுற்றும் எக்சைட்டர் காயிலில் மூன்று ஃபேஸ் ஏ.சி. உண்டாகும். ஆறு டயோடுகள் சேர்ந்து அந்த ஏ.சி.யை டி.சி.யாக்கிப் பெரிய ரோட்டருக்கு அனுப்பி அதைக் காந்தமாக்கும். அந்தக் காந்தம் சுற்றுவதால்தான் வெளிக் காயிலில் நமக்கு 415 வோல்ட் வருகிறது. சங்கிலியில் நடுக் கண்ணி இந்த ஆறு டயோடு. ஒன்று அறுந்தால் மோட்டார் ஓடாது.

ஆறில் மூன்று ஒரு தட்டிலும் மூன்று இன்னொரு தட்டிலும் திருகப்பட்டு, தண்டின் பின்முனையில் சுற்றிக்கொண்டே இருக்கும். 4 போல் மெஷின் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க நிமிஷத்துக்கு 1500 சுற்று வேண்டும். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும் 15 கிராம் டயோடு, அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 4 கிலோ எடை தொங்குவது போல வெளிப்பக்கம் இழுபடும். ஒயரை முறுக்கி டேப் சுற்றி விடுகிற நம்ம ஊர் வைத்தியம் இங்கே செல்லாது என்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு தட்டுக்கும் நடுவே பொத்தான் மாதிரி ஒரு சாமான் இருக்கும். அது வேரிஸ்டர். திடீரென்று எகிறும் வோல்ட்டைத் தான் வாங்கிக்கொண்டு டயோடைக் காப்பாற்றும். டயோடு போன இடத்தில் பல தடவை இதுவும் கருகியிருக்கும்.

பழைய பிரஷ், ஸ்லிப் ரிங் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மெஷினில் டயோடு பிரிட்ஜ் சுற்றாது, டெர்மினல் பெட்டியிலோ அதை ஒட்டியோ நிலையாக இருக்கும். மாற்றுவது இன்னும் சுலபம். கீழே சொல்லும் பாதுகாப்பு எல்லாம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

டயோடுதானா என்று எப்படித் தெரியும்?

மூடியைக் கழற்றும் முன் சுலபமானதைப் பாருங்க. எஞ்சின் வேகம் சரியா? ஏவிஆர் ஃபியூஸ் இருக்கா? எலி ஒயரைக் கடிச்சிருக்கா? மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷினில் இரும்பில் தங்கியிருக்கும் காந்தம் குறைந்து, வோல்ட் கிளம்பாமல் போவதும் உண்டு.

டயோடு ஷார்ட் ஆனால் வோல்ட் மிகவும் குறைவாக நிற்கும், எக்சைட்டர் சூடாகும், ஏவிஆர் தன்னைக் காத்துக்கொள்ள வெட்டிவிடும். ஓப்பன் ஆனால் ஏமாற்றும். லோடு இல்லாமல் 415 காட்டும், செக்கு மோட்டாரைப் போட்டதும் தொய்ந்துவிடும். "வெறுமனே ஓட்டினா நல்லா இருக்கு, லோடு எடுக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் போகும்.

உறுதிப்படுத்த ஒரு பழைய வழி உண்டு. ஸ்டாம்ஃபோர்ட் போன்ற ஆல்டர்னேட்டர் கையேடுகளிலும் இது இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, எக்சைட்டர் காயிலுக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஏவிஆரிலிருந்து கழற்றி விட்டு, தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக அந்தக் காயிலுக்கு டி.சி. கொடுப்பது. பிளஸ், மைனஸ் ஏவிஆரில் இருந்த அதே முறையில் இருக்க வேண்டும். வெளியே போகும் பிரேக்கர் ஆஃபில் இருக்கணும். மீட்டர் கிளிப்புகளை எஞ்சின் நின்றிருக்கும்போதே மாட்டிவிடணும், ஓடும்போது கையில் புரோப் பிடிக்கவே கூடாது. ஏன்னா எல்லாம் நல்லா இருந்தால் அங்கே முழு 415 வோல்ட் வரும்.

சரியான வேகத்தில் ஓட்டி மூன்று லைனையும் அளங்க. மூன்றும் சமமாக, 415-ஐ ஒட்டி வந்தால் டயோடும் காயிலும் நலம், கோளாறு ஏவிஆரில். மூன்றும் சமமாக, ஆனால் ரொம்பக் குறைவாக வந்தால் சுற்றும் பகுதியில் கோளாறு: டயோடு, வேரிஸ்டர், அல்லது எக்சைட்டர். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வந்தால் பெரிய காயில். அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள், அது நம் கைக்கு வரும் வேலை இல்லை.

மெகர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். டயோடும் ஏவிஆரும் மாட்டியிருக்கும்போது மெகர் போட்டால், நல்லா இருந்த டயோடையும் நீங்களே கொன்றுவிடலாம்.

கை வைக்கும் முன்

ஒரு குழுவில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நான்தான் சாவியை எடுத்து மடியில வச்சிட்டேனே, அப்புறம் எதுக்குப் பேட்டரியைக் கழட்டச் சொல்ற?" நான் பேனலைக் காட்டினேன். "மாமா, இது ஆட்டோ பேனல். ஈ.பி. கரண்ட் போச்சுன்னா சாவி இல்லாமலே தானா ஸ்டார்ட் ஆகும். நீங்க உள்ள கை விட்டிருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போனா என்ன ஆகும்?" அவர் பதில் சொல்லவில்லை, ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

ஆகவே முதல் வேலை பேட்டரி. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றணும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் நெருப்புப் பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. கழற்றிய ஒயர் முனையில் துணி சுற்றித் தள்ளிக் கட்டி வைங்க.

அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆட்டோ பேனலுக்குள் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு சார்ஜர் இருக்கும். அது ஈ.பி. கரண்டில் ஓடும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் சார்ஜர் 12 வோல்ட்டை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கலாம், ரிலேக்கள் இழுக்கலாம். பேனலில் ஈ.பி. இருக்கிறதா என்று பார்க்கும் ஒயர்களில் நேரடியாக 230, 415 வோல்ட் நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்ட தைரியத்தில் பேனலுக்குள் கை விடுகிறவர்கள் அடி வாங்குவது இங்கேதான். பேனலுக்கு வரும் ஈ.பி. ஃபீடரையும் ஆஃப் செய்தாக வேண்டும்.

அடுத்தது எஞ்சின். டீசல் காக்கை மூடுங்க. கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் பழைய ஆயில் எஞ்சின் என்றால் ஹேண்டிலை எடுத்து வேறு இடத்தில் வைங்க. பெல்ட் போட்டு ஓட்டும் ஆல்டர்னேட்டர் என்றால் பெல்ட்டையே கழற்றிவிடுங்க. டிராக்டர் பி.டி.ஓ.வில் ஓடுகிறது என்றால் ஷாஃப்டைக் கழற்றி, டிராக்டர் சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்க. வீட்டுப் பையன் "அப்பா டிராக்டரை நகர்த்தச் சொன்னார்" என்று ஏறி உட்காருவது நம் ஊரில் நடக்காத கதை இல்லை.

மூன்றாவது சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஜெனரேட்டர் நின்றிருந்தால் அதன் டெர்மினலில் கரண்ட் இருக்காது என்று நினைப்பது இயல்பு. சேஞ்ச் ஓவர் தப்பாக இருந்தால், அல்லது அது இல்லாமல் யாரோ ஒயரை மாற்றி மாட்டும் ஏற்பாடு செய்திருந்தால், ஈ.பி. பக்கத்திலிருந்து கரண்ட் திரும்பி ஆல்டர்னேட்டர் வரை வந்து நிற்கும். சேஞ்ச் ஓவரை நடு நிலையில் வைத்து, ஜெனரேட்டர் பிரேக்கரையும் ஆஃப் செய்து, முடிந்தால் பூட்டே போடுங்கள். மாட்டுக் கொட்டகைப் பூட்டு போதும். சாவி வேலை செய்பவர் பையில். பேனலில் ஒரு அட்டை: "உள்ளே ஆள் வேலை செய்கிறார், தொடாதீர்கள்."

இதே தப்பு எதிர்ப்பக்கமும் கொல்லும். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை ஈ.பி. ஒயரிங்கோடு சேர்த்தால், நம் 415 வோல்ட் ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாகப் போய், மறுபக்கம் 11,000 வோல்ட் ஆக வெளியே வரும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத்தான் பிடித்திருப்பார். டயோடு மாற்றிய பிறகு ஓட்டிப் பார்க்கும்போது இந்த ஆபத்து அதிகம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டுவது, ஈ.பி.யோடு சேரும் ஒயரிங் எல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது. அதில் நாம் கை வைக்கக் கூடாது என்பது என் முடிவு.

இனி, கரண்ட் இல்லை என்பதை நிரூபிக்கணும். நம் சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டரை இந்த இடத்தில் நம்பாதீங்க. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்க. பிறகு ஆல்டர்னேட்டர் டெர்மினலில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு நியூட்ரல், ஃபேஸுக்கு எர்த் எல்லாம் அளங்க. மறுபடி அந்தப் பிளக்கிலேயே வைத்துப் பாருங்க. நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தால் மூன்றாவது அளவில்தான் தெரியும்.

பேனலில் கண்டன்சர் இருந்தால் ஆஃப் செய்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். 5 நிமிஷமாவது விட்டு, டெர்மினல்களுக்கு நடுவே அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர்களில் வோல்ட் உண்டாக்குவதே ஒரு கண்டன்சர்தான். ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தட்டி இறக்குவது வேண்டாம், குண்டு பல்பு ஒன்றைக் குறுக்கே பிடித்து இறக்குங்கள்.

கடைசியாக உடம்பு. சைலன்சர் ஆறும் வரை பொறுங்க. மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் கழற்றுங்க. தோள் துண்டு வீட்டில் இருக்கட்டும். தனியாகச் செய்யாதீங்க. பக்கத்தில் ஒருவர், எஞ்சினை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரிந்தவராக நிற்கணும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

பின்பக்க மூடியைத் திறந்ததும் செல்போனில் நாலு படம் எடுத்துவிடுங்க. எந்த ஒயர் எந்த டயோடுக்கு என்று மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போடுங்க. வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பதும் படத்தில் இருக்கணும்.

டயோடை மாட்டிய நிலையில் அளந்தால் குழப்பும். எக்சைட்டரின் மூன்று காயிலும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால், ஒரு டயோடு ஷார்ட் ஆனால் அந்தத் தட்டில் உள்ள மூன்றுமே ஷார்ட் மாதிரி காட்டும். ஒவ்வொரு டயோடின் ஒயரையும் கழற்றிவிட்டு அளக்கணும். மீட்டரை டயோடு குறி இருக்கும் இடத்தில் வைத்து இரண்டு திசையிலும் பாருங்க. நல்ல டயோடு ஒரு பக்கம் 0.4 முதல் 0.7 வரை காட்டும், மறுபக்கம் ஓ.எல். என்று நிற்கும். இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். இரண்டு பக்கமும் ஓ.எல். என்றால் ஓப்பன். வேரிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றி ஓம் அளவில் பாருங்க. எந்தப் பக்கமும் கடத்தக் கூடாது.

மீட்டர் கொடுக்கும் மின்சாரம் மிகச் சிறிது. சந்தேகமாக இருந்தால், கழற்றிய டயோடை 12 வோல்ட் பேட்டரி, டிராக்டர் இண்டிகேட்டர் பல்பு இரண்டோடும் வரிசையாக மாட்டிப் பாருங்க. ஒரு திசையில் பல்பு எரியணும், திருப்பினால் மினுக்கக்கூடக் கூடாது. இதையே 230 வோல்ட் பிளக்கில் செய்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாகசம் நமக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் போயிருந்தாலும் ஆறையும் வேரிஸ்டரையும் சேர்த்து மாற்றிவிடுவதே என் பழக்கம். ஒன்று ஷார்ட் ஆனபோது மற்றவை தாங்கிய சூட்டுக்கு மீட்டரில் சாட்சி இருக்காது.

வாங்கும்போதுதான் அதிக கவனம். ஆறும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரியும், ஆனால் இரண்டு சாதி. பாசிட்டிவ் தட்டில் இருக்கும் மூன்றில் திருகுப் பக்கம் கேத்தோடு. நெகட்டிவ் தட்டில் இருக்கும் மூன்றில் திருகுப் பக்கம் ஆனோடு. உடம்பில் சின்ன அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் பிரிக்கலாம். எண்ணிலும் தெரியும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வகை 70எச்எஃப்120. அதன் எதிர்ச்சாதி 70எச்எஃப்ஆர்120. நடுவில் வரும் அந்த 'ஆர்' எழுத்துதான் திசை மாறியது என்பதற்கு அடையாளம். 70 என்பது ஆம்பியர். 120 என்றால் 1200 வோல்ட் தாங்கும். இது ஓர் உதாரணம்தான், உங்கள் மெஷினில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்குங்க. ரோட்டரில் ஓடுவது சாதாரணமாகச் சில பத்து வோல்ட்தான் என்பதால் "200 வோல்ட் டயோடு போதும், விலை கம்மி" என்று கடைக்காரர் சொல்லலாம். வேண்டாம். வெளியே எங்காவது ஷார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் உள்ளே எகிறும் வோல்ட்டுக்காகத்தான் அத்தனை தாங்குசக்தி வைத்திருக்கிறார்கள். திசை மாற்றி மாட்டினால் இன்னும் மோசம்: எக்சைட்டர் காயில் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகிக் கருகும். அப்போது அந்த மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

பழைய டயோடு உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்து, புதுசின் அடிப்பகுதியில் மட்டும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசுங்க. திருகு மரையில் படக் கூடாது. மரை வழுவழுப்பானால் அதே பலத்துக்கு அதிகமாக இறுகி, உள்ளே இருக்கும் சில்லு விரிசல் விடும். இறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும். 6 மி.மீ. திருகு உள்ள டயோடுகளுக்கு அது பொதுவாக 3 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் நம்மிடம் தராசு இருக்கிறது. ஸ்பேனரில் நட்டின் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசைக் கோர்த்து, ஸ்பேனருக்கு நேர் குறுக்காக 2 கிலோ காட்டும் வரை இழுங்க. கிட்டத்தட்ட 3 நியூட்டன் மீட்டர். முதல் தடவை செய்பவர்கள் "இவ்வளவு லேசா?" என்பார்கள். ஆமாம், அவ்வளவு லேசுதான். ஏர் பூட்டுகிற பலத்தை இங்கே காட்டக் கூடாது.

ஒயர் முனை விட்டுப்போயிருந்தால் சால்டரை மட்டும் நம்பாமல் லக் போட்டு கிரிம்ப் செய்யுங்க. வாஷர் எண்ணிக்கை முன்பு இருந்த மாதிரியே இருக்கணும். கூட்டிக் குறைத்தால் தட்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்து பேரிங்கைத் தின்னும்.

ஏன் போச்சு?

காரணத்தைப் பார்க்காமல் மூடியை மூடினால் அடுத்த அறுவடைக்குள் மறுபடி திறக்கலாம். நம் இடங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் தூசி. உமி நீக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஜெனரேட்டரை வைத்து, அந்த உமித்தூசியை அதன் காற்றாடியே இழுத்து டயோடு மேல் போர்வை போர்த்துகிறது. சூடு வெளியே போக வழியில்லை.

இன்னொன்று நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகளுக்கே உரியது. ஜீவாமிர்தத் தொட்டியும் மாட்டுக் கொட்டகையும் ஜெனரேட்டர் கொட்டகையும் ஒரே வரிசையில் இருக்கும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் செம்பை அரிக்கும். சாண எரிவாயுவில் கந்தக வாயு கலந்திருப்பதால் அதுவும் அரிக்கும். ஒயர் முனைகளில் பச்சை படிந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். பயிருக்கு நல்லதெல்லாம் செம்புக்கு நல்லதில்லை. கொட்டகையைக் காற்று வரும் திசைக்கு எதிரே தள்ளிப் போடுங்க.

டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் ஒரு காரணம். வேகம் குறைந்தால் காற்றாடியின் குளிர்ச்சி குறையும், அதே நேரத்தில் வோல்ட்டைத் தூக்கிப் பிடிக்க ஏவிஆர் அதிக டி.சி. தள்ளப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து டயோடின் மேல்தான் விழும். ஈ.பி.க்காக மாட்டிய பவர் ஃபேக்டர் கண்டன்சர்களை ஜெனரேட்டரில் ஓடும்போதும் இணைத்தே வைத்திருப்பதும் தொல்லை. லோடு குறைவான நேரத்தில் வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். ஜெனரேட்டரோடு இணைந்த இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் ஏவிஆர் ஒயர்களை முதலில் கழற்றிவிடுங்க.

ஓட்டிப் பார்த்தல்

எல்லா ஒயரையும் மாட்டிய பிறகு, பேட்டரி இன்னும் கழன்றிருக்கும்போதே, தண்டைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்க. எங்கும் உரசக் கூடாது. உள்ளே விட்ட ஸ்பேனர், நட்டு, துணி எல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணுங்க. சோதனைக்காக ஏவிஆரிலிருந்து கழற்றிய இரண்டு ஒயரையும் பழையபடி மாட்டுங்க. மூடியைப் போட்டுத் திருகுங்க. மூடி இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதை ஒரு தடவைகூடச் செய்ய வேண்டாம்.

கதவு, ஜன்னல் திறந்திருக்கணும்; மூடிய கொட்டகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். பேட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். சேஞ்ச் ஓவர் இன்னும் நடுவில், பிரேக்கர் ஆஃபில். ஸ்டார்ட் செய்து, லோடு இல்லாமல் மூன்று லைனும் சமமாக 415-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பேனல் மீட்டரில் பாருங்க. மெக்கானிக்கல் கவர்னர் உள்ள எஞ்சினில் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வரை காட்டலாம், முழு லோடில் 50-க்கு இறங்கும், அது சரிதான்.

பிறகு சேஞ்ச் ஓவரை ஜெனரேட்டர் பக்கம் தள்ளி, முதலில் விளக்கு, அடுத்து சின்ன மோட்டார், கடைசியில் செக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம். கருகல் வாசனை, புதுச் சத்தம், ஒரு லைன் மட்டும் தொய்வது, எது தெரிந்தாலும் நிறுத்துங்க.

ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும், பிறகு சுமார் 50 மணி நேரம் ஓடிய பிறகும் ஒரு தடவை மூடியைத் திறந்து, ஒயர் முனைகள் நிறம் மாறியிருக்கா, நட்டு தளர்ந்திருக்கா என்று பார்ப்பது நல்லது. அதற்கும் பேட்டரி நெகட்டிவிலிருந்து எல்லாம் மறுபடி வரிசையாகச் செய்யணும். மாற்றிய தேதி, மணி மீட்டர் அளவு, டயோடு எண் மூன்றையும் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்க. இரண்டு சாதியிலும் மூன்று மூன்று டயோடு, ஒரு வேரிஸ்டர், தனித்தனி உறையில் பேர் எழுதி ஈரம் புகாத டப்பாவில் குழுவிடம் இருக்கட்டும். அறுவடை நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை டயோடு தேடி டவுனுக்குப் போனால் கடை திறந்திருக்காது.